இரண்டாவதாக உள்ளே போனவர்

2011 ஜூன் மாதம் மும்பை ஜூஹு கடற்கரையில் ஒரு பழைய சரக்குக் கப்பல் தானாக வந்து தரைதட்டியது. எம்.வி. விஸ்டம் என்று பெயர். உடைப்பதற்காகக் கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங் துறைக்கு இழுத்துப் போகும் வழியில் இழுவைக் கயிறு அறுந்துவிட்டது. கப்பலில் ஆள் இல்லை, இயந்திரமும் ஓடவில்லை. பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தில் மோதிவிடுமோ என்று அதிகாரிகள் பதறிக்கொண்டிருக்க, அது விலகிப் போய் ஜூஹு மணலில் ஏறி நின்றுகொண்டது. அந்தச் சம்பவத்தை வித்தாக வைத்து எடுத்த இந்திப் படம்தான் 2020 பிப்ரவரியில் வெளிவந்த ‘பூத்: பார்ட் ஒன் – தி ஹான்டட் ஷிப்’. இயக்கியவர் பானு பிரதாப் சிங், நாயகன் விக்கி கௌஷல். மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஒரு கப்பல் துறை அதிகாரி, கரை ஒதுங்கிய ‘ஸீ பேர்ட்’ என்ற ஆளில்லாக் கப்பலுக்குள் நுழைகிறார். உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது.

பேய்க்கப்பல் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவர் இருட்டறைக்குள் இறங்குவார். மேலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. அவரைத் தேடிக்கொண்டு இன்னொருவர் இறங்குவார். அவரிடமிருந்தும் பதில் வராது. பிறகு மூன்றாமவர். இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியவில்லை. கப்பல் விபத்து விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால் இதே வரிசை அப்படியே இருக்கிறது, பேய் மட்டும்தான் இல்லை. கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதக் காரணம் இதுதான். கைவிட்ட கப்பலின் அடித்தட்டில் நடக்கும் வேதிவினையும், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு அறைகளில் நடக்கும் வேதிவினையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. உயிர் போகும் விதத்திலும் அந்த உறவு தெரிகிறது.

கப்பல் எப்படித் தானாக வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். அதில் மர்மம் குறைவு. நீருக்கு மேலே நிற்கும் பகுதி முழுவதும் காற்றுக்குப் பாயாகிவிடுகிறது. சரக்கு இல்லாத கப்பல் உயர்ந்து மிதப்பதால் காற்றுக்கு இன்னும் அதிகமாகப் பிடி கொடுக்கும். விஸ்டம் வந்த அதே ஆண்டு ஜூலை 31 அன்று பவித் என்ற எண்ணெய்க் கப்பலும் ஜூஹுவில் ஒதுங்கியது. ஓமன் கரைக்கு அப்பால், மூழ்கிவிடும் என்று நம்பி ஜூன் இறுதியில் மாலுமிகள் அதைக் கைவிட்டிருந்தார்கள். அது மூழ்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அதை ஏறக்குறைய 1,400 கி.மீ. தூரம், ஒரு மாதத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கணக்குப் போட்டால் மணிக்கு 2 கி.மீ. யார் கண்ணிலும் படாமல் அது கரை வரை வந்ததுதான் அப்போது பெரிய செய்தியானது.

சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும் கப்பல் பிரதீபா காவேரி. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே அது தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் 6 பேர் படகு கவிழ்ந்ததால் இறந்தார்கள். கப்பலை விட்டு இறங்காமல் இருந்தவர்கள் பிழைத்தார்கள். நவம்பர் 11 அன்று மீட்டு மிதக்கவிடும் வரை குடும்பம் குடும்பமாகப் போய் அதை வேடிக்கை பார்த்தது சென்னை.

இப்போது உள்ளே போவோம்.

கம்பி மத்தாப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்தால் ஆளில்லாக் கப்பலின் முதல் ஆபத்து புரிந்துவிடும். வரிசையாகக் கம்பிகளைச் செருகிய சட்டத்தைத் தொட்டியில் உள்ள மருந்துக் கூழில் முக்கி எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி முக்குவார்கள். கூழில் இரும்புத்தூள், அலுமினியப் பவுடர், நைட்ரேட் போன்ற ஓர் உப்பு, ஒட்டுவதற்குப் பசை. பற்றவைத்தால் உப்பு ஆக்சிஜனை விடுகிறது, அலுமினியம் சூட்டை ஏற்றுகிறது, இரும்புத்துகள் உருகித் தெறித்துக் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு எரிகிறது. ஒரு பொறி பாதி வழியில் நட்சத்திரமாகக் கிளை விடுவதைக் கூர்ந்து பாருங்கள். இரும்பில் கலந்திருக்கும் கார்பன் உள்ளுக்குள் வாயுவாகி அந்தத் துளியை வெடிக்க வைப்பதால் வரும் கிளை அது. இதே இரும்புத்தூள் ஈரத்தில் கிடந்து துருவேறிவிட்டால் பொறி மங்கிவிடும். சேர வேண்டிய ஆக்சிஜன் எரியும் முன்பே சேர்ந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். மத்தாப்பில் இமைக்கும் நேரத்தில் முடியும் வினை துருவில் மாதக்கணக்கில் நடக்கிறது. இரண்டும் இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் வினைகள்தான்.

கப்பலின் அடித்தட்டு முழுக்க இரும்பு அறைகள். நிலைநீர்த் தொட்டி, சங்கிலி அறை, இரட்டை அடித்தளத்தின் நடுவிலுள்ள வெற்றறைகள் எல்லாம் மூடி போட்டு போல்ட் முறுக்கியவை. உப்பு ஈரம் நிறைந்த அந்தக் காற்றில் இரும்பு துருவேறிக்கொண்டே இருக்கும். 100 கன மீட்டர் கொள்ளும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள காற்றில் ஏறத்தாழ 28 கிலோ ஆக்சிஜன் இருக்கும். 1 கிலோ இரும்பு துருவாக 430 கிராம் ஆக்சிஜன் தேவை. அறையின் ஆக்சிஜனில் பாதி காலியாக 32 கிலோ இரும்பு துருவானால் போதும். அறையின் ஆறு பக்கச் சுவர்களிலும் அதைச் சமமாகப் பரப்பினால் துருப்பிடித்த கனம் 0.03 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி. கண்ணுக்குத் தெரிவது செம்பழுப்புப் பூச்சு மட்டும். அந்தப் பூச்சுக்குள் ஓர் ஆளின் மூச்சு போய்விட்டது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 16 சதவீதத்துக்கு இறங்கினால் நிதானம் தடுமாறும். 10 சதவீதத்தில் மயக்கம் வரும். 6 சதவீதத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். இதில் கொடுமை, மூச்சுத் திணறல் தெரியாது என்பது. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. துருவேறிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதில்லை, ஆக்சிஜன் மட்டும் குறைந்துவிடுகிறது. நுரையீரல் வழக்கம்போல விரிந்து சுருங்குகிறது. உடம்பு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஏணியில் இறங்குகிறவர் பாதியிலேயே பிடி விட்டு விழுகிறார். மேலே நிற்பவருக்குத் தெரிவது கூட்டாளி வழுக்கி விழுந்துவிட்டார் என்பதுதான். தூக்கிவிட அவரும் இறங்குகிறார்.

மூடிய அறை விபத்துகளில் இறப்பவர்களில் கணிசமானோர் இப்படிக் காப்பாற்றப் போனவர்கள். கப்பலில் மட்டுமா? தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டவர்களைப் பற்றிய செய்திகளில் ‘அவரை மீட்கச் சென்ற’ என்று தொடங்கும் வாக்கியத்தை எத்தனை முறை படித்திருக்கிறோம்! தேங்கிய கடல்நீரிலும் சாக்கடையிலும் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. கந்தகத்தின் பிள்ளையான இந்த வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கின் உணர்வையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் தருணத்தில்தான் அது கொல்லும் அளவில் இருக்கும். 2015 முதல் கப்பல்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய அறை மீட்புப் பயிற்சி கட்டாயம். 2016 ஜூலை 1 முதல் வாயு அளக்கும் கையடக்கக் கருவியும் கட்டாயம். இருந்தும் சாவு நிற்கவில்லை. நண்பன் கண்ணெதிரே விழும்போது கருவியைத் தேடிக்கொண்டு நிற்க மனம் வருவதில்லை.

உலகின் மிகப் பிரபலமான ஆளில்லாக் கப்பல் மேரி செலஸ்ட். 1872 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. கேப்டன் பிரிக்ஸ், அவர் மனைவி, 2 வயது மகள், மாலுமிகள் என்று மொத்தம் 10 பேர். டிசம்பரில் டெய் கிரேஷியா என்ற கப்பல் அதை அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே கண்டபோது ஆள் யாரும் இல்லை, படகும் இல்லை. சரக்கு பெரும்பாலும் அப்படியே இருந்தது: 1,701 பீப்பாய் ஆல்கஹால், அதில் 9 மட்டும் காலி. தீப்பிடித்த கரி எங்கும் இல்லை என்பதால் வெடிவிபத்து என்ற யோசனையைப் பலரும் கைவிட்டிருந்தார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா 2006இல் கப்பல் கிடங்கின் மாதிரியைக் கட்டி, பீப்பாய்களுக்குப் பதிலாகக் காகிதக் கட்டிகளை அடுக்கி, பியூட்டேன் வாயுவை நிரப்பிப் பற்றவைத்தார். பெரிய தீச்சுவாலை அலையாகப் பாய்ந்து போனது. காகிதம் கருகவில்லை. காற்றோடு முன்பே கலந்திருக்கும் ஆவி பற்றும்போது சுவாலை ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது, பக்கத்துப் பொருளைச் சுட அதற்கு நேரமில்லை. எத்தில் ஆல்கஹால் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடத் தொடங்கும். குளிர்ந்த நியூயார்க்கில் ஏற்றிய சரக்கு வெதுவெதுப்பான கடலுக்கு வந்ததும் கசிந்த ஆவி கிடங்கில் சேர்ந்திருக்கலாம். ஒரு பொறி, ஒரு பெருஞ்சுவாலை, பயந்துபோய் எல்லோரும் படகில் இறங்கிவிட்டார்கள் என்பது இந்தக் கருதுகோள். முடிந்த தீர்ப்பு இல்லைதான். ஆனாலும் கதைகள் கட்டிய கடல் அரக்கனைவிட எனக்கு இது ஏற்புடையதாக இருக்கிறது. அறை முழுக்கத் தீ பாய்ந்தும் கரியே பிடிக்காமல் போகலாம் என்பதை ஒரு மேசைச் சோதனை காட்டிவிட்டது.

அந்த ஒரு பொறியைத்தான் நம் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் நாள் முழுவதும் காவல் காக்கின்றன. அறை வாசலில் தாமிரத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். நைலான் துணி கூடாது, பருத்திதான். வெயில் ஏறும் முன், காலையிலேயே மருந்துக் கலவை முடிந்துவிட வேண்டும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ‘மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு’ என்று நாளிதழில் வரும் வரிக்குப் பின்னால், இந்த விதிகளில் ஏதோ ஒன்று மீறப்பட்டிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது மீதி மருந்து. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த கலவையில் ஈரம் பட்டால் இரண்டும் மெதுவாக வினைபுரிந்து சூடாகின்றன. அம்மோனியா வாடை வரும். இதைத் தடுக்கத்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது. சிறு அளவு என்றால் சூடு வெளியேறிவிடும். குவியல் பெரிதானால் கதை வேறு. குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் சூட்டை உண்டாக்கும் பருமன் 8 மடங்காகிறது, சூட்டை வெளிவிடும் மேற்பரப்பு 4 மடங்குதான். உள்ளே சூடு தேங்குகிறது, தேங்கிய சூடு வினையை விரைவாக்குகிறது, விரைந்த வினை இன்னும் சூட்டைத் தருகிறது. மாலையில் பூட்டிவிட்டுப் போன அறை விடிவதற்குள் வேறு அறையாகிவிடலாம். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ள போர்மேன்கள் அடம்பிடிப்பது இதனால்தான். நிலக்கரியும் இரும்புச் சீவலும் ஏற்றிய கப்பல்களின் கிடங்கு நடுக்கடலில் தானாகப் புகையத் தொடங்குவதும் இந்தக் கணக்கால்தான்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே சிக்கியவர்களை இழுத்துவர ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்களும். அடுத்த வெடிப்பு அவர்களைத்தான் கொண்டுபோனது. கப்பல் தொட்டிக்குள் இறங்கிய இரண்டாமவரும் முதலிப்பட்டிக்கு ஓடியவரும் செய்தது ஒரே காரியம்: கூப்பிட்ட குரலுக்கு ஓடினார்கள். அந்த மனசைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஓட வேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கப்பலும் பட்டாசும் உண்மையிலேயே ஓரிடத்தில் சந்தித்த நாள் ஒன்று உண்டு. ரோசஸ் என்ற மால்டோவா நாட்டுக் கொடியேந்திய கப்பல் 2013 செப்டம்பரில் ஜார்ஜியாவின் பதூமி துறைமுகத்திலிருந்து 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டுடன் மொசாம்பிக் நோக்கிக் கிளம்பியது. வழியில் லெபனானின் பெய்ரூட்டில் நின்றது. கட்டணப் பாக்கி, பழுது என்று அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். உரிமையாளர் கப்பலையும் ஆட்களையும் கைகழுவிவிட்டார். கேப்டனும் 3 மாலுமிகளும் ஏறக்குறைய ஓராண்டு அந்தச் சரக்கின் மேலேயே சிறைப்பட்டுக் கிடந்தார்கள். 2014இல் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு மூட்டைகள் துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்குக்குப் போயின. காலிக் கப்பல் 2018இல் துறைமுகத்திலேயே மூழ்கிவிட்டது.

மத்தாப்பில் எரிபொருள் வேறு, ஆக்சிஜன் தரும் உப்பு வேறு. அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றன. அம்மோனியம் பாதி எரியும், நைட்ரேட் பாதி எரிய வைக்கும். சாதாரண நாளில் இந்த உப்பு சாதுவானது, உரமாக வயலில் தூவுகிற பொருள். சுமார் 170 டிகிரியில் உருகி, 210 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். குவியலாக, அடைபட்டு, வேறு பொருள் கலந்து சூடேறினால் அத்தனையும் ஒரு கணத்தில் வாயுவாகிவிடும். பெய்ரூட் கிடங்கில் அந்த மூட்டைகளோடு பட்டாசுகளையும் வைத்திருந்தார்கள். சிவகாசியில் வெடிபொருள் சேமிக்கும் மேகசின் குடோனுக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இவ்வளவு தூரம் என்று விதி போட்டு, எதை எதோடு வைக்கக்கூடாது என்று பட்டியல் போட்டு வைத்திருப்பது எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் எதுவும் எனக்குத் தெரியாது.

2020 ஆகஸ்ட் 4 மாலை 6 மணிக்குச் சற்றுப் பின். கிடங்கில் தீ. புகையின் அடியில் மின்மினிபோல மின்னிய வெளிச்சங்களைக் கைபேசிக் காட்சிகளில் இன்றும் பார்க்கலாம். நகரத்து மக்கள் ஜன்னல்களில் நின்று படம் பிடித்தார்கள். தீயணைப்புப் படையிலிருந்து 10 பேர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே கிடங்கின் கதவருகே போய்ச் சேர்ந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு சுமார் அரை நிமிடத்தில் பெரிய வெடிப்பு. செம்பழுப்பாக எழுந்த புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுற்றி நொடியில் தோன்றி மறைந்த வெண்குடை, அழுத்த அலைக்குப் பின்னால் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளிகளாகத் திரண்ட மேகம். 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த 10 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சத்தம் 200 கி.மீ.க்கு அப்பால் சைப்ரஸ் வரை கேட்டது.

நம் நாட்டிலும் இப்படி ஏதும் கிடக்கிறதா என்ற கேள்வி உடனே எழுந்தது. சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 பெட்டகங்களில் கிடப்பது தெரியவந்தது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு. வழக்கு, ஏலம் என்று 5 ஆண்டு அங்கேயே இருந்திருக்கிறது. பெய்ரூட் வெடித்த அதே ஆகஸ்டில் அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ரோசஸின் சரக்கு 12ஆம் எண் கிடங்கில் கிடந்தது ஏறக்குறைய 6 ஆண்டு.

பெய்ரூட்டில் கிடங்குக்கு அடுத்து நின்ற பிரம்மாண்டமான தானியக் கொள்கலன்கள் வெடிப்பின் ஒரு பக்க வீச்சைத் தாங்கி, மேற்குப் பகுதி நகரத்தை ஓரளவு காப்பாற்றின. சிதைந்து நின்ற அவற்றுக்குள் அள்ள முடியாத தானியம் தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், ஈரத்திலும் கோடை வெயிலிலும் அந்தத் தானியம் புளித்து, குவியலுக்குள் சூடேறி, தானாகத் தீப்பிடித்தது. சிவகாசியின் மீதி மருந்துக்குச் சொன்ன அதே பருமன்–மேற்பரப்புக் கணக்குதான். வாரக்கணக்கில் புகைந்தது, அணைக்க முடியவில்லை. இந்த முறை பக்கத்தில் யாரும் நெருங்காதபடி அந்த இடத்தை அடைத்து வைத்தார்கள். ஜூலை 31 அன்று ஒரு பகுதி சரிந்தது. வெடிப்பின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளான ஆகஸ்ட் 4 அன்று இன்னொரு பகுதியும் சரிந்தது. கீழே யாரும் இருக்கவில்லை.